ஏழுக்கு மேல் திருகியவன்

பெலிக்ஸ் இறந்த செய்தி வந்தபோது நான் கிள்ளான் வீட்டில் மைக் வயர் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்தவள் என் பேத்தி மாலினி. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "பாட்டி, பெலிக்ஸ் அங்கிள் போயிட்டாராம்," என்றாள்.

"எங்க போயிட்டான்?"

"செத்துட்டாரு பாட்டி. நெஞ்சுவலியாம். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுலயே."

நான் கையிலிருந்த சால்டரிங் கம்பியைக் கீழே வைக்கவில்லை. பாதியில் விட்டால் ஈயம் ஆறிப்போய், அந்த வயர் ஆயுசுக்கும் கரகரக்கும். வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். எழுந்ததும் எனக்குக் கண்ணீர் வரவில்லை. "என் ஆம்ப்ளிபயர் எங்கே இருக்கிறதோ?" என்ற நினைப்புதான் வந்தது.

அவனுடைய பழைய இசைக்குழுக்காரர்கள் அவனுக்கு ஒரு நினைவு மலர்ப் புத்தகம் போடுகிறார்கள். "செட்டு அக்கா, நீங்களும் ரெண்டு வார்த்தை எழுதித் தரணும்லா," என்று கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இரண்டு வார்த்தையில் அடங்குகிற ஆள் இல்லை அவன். மற்றவர்கள் எல்லாரும் அவன் தங்கம் என்று எழுதியிருப்பீர்கள். எழுதுங்கள். அவன் உயிரோடு இருக்கும்வரை ஒரு விஷயத்தைச் சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கு போன செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் கோவில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கி செட்டு வாடகைக்குக் கொடுப்பது எங்கள் தொழில். என் வீட்டுக்காரர் போன பிறகு நானே செட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்களிடம் ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் இருந்தது. பெரிய சூட்கேஸ் அளவு இரும்புப் பெட்டி. உள்ளே பல்பு மாதிரி வால்வுகள் சிவந்து எரியும். அதன் வால்யூம் குமிழைச் சுற்றி ஒன்று முதல் பத்து வரை எண்கள். ஏழில் என் வீட்டுக்காரர் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தார். ஏழைத் தாண்டினால் சத்தம் கிழியும். அவர் ஒருநாளும் தாண்டியதில்லை. நானும் தாண்டியதில்லை. பண்டமாரான் பக்கத்துக் கோவில்களில் எங்களுக்குப் பெயரே 'கிழியாத செட்டு' என்பதுதான். அந்தப் பெட்டியின் நெற்றியில், அவர் கடைசியாகக் கொண்டாடிய ஆயுத பூஜையில் வைத்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. அதன்மேல் நான் வேறு பொட்டு வைக்கவில்லை.

பெலிக்ஸை முதலில் பார்த்தது பண்டமாரானில் ஓர் அம்மன் கோவில் திருவிழாவில். பகல் பூஜை நேரம். நான் வெளியே ஹார்ன் ஸ்பீக்கர் வயரைக் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே யாரோ ஒரு மகராசன் பிரசாதத் தட்டை ஆம்ப்ளிபயர் மேல் வைக்கப்போய், முழங்கை பட்டு, குமிழ் ஒன்பதுக்குத் திரும்பிவிட்டது. நாதஸ்வரம் கிழிந்துகொண்டு வந்தது. நான் வயரைப் போட்டுவிட்டு ஓடினேன். தோள்வரை முடி வளர்த்த ஒருவன் ஆம்ப்ளிபயர் முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, தொடாதீங்க! ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்லா!"

"தள்ளுடா, எரும."

"கேளுங்கக்கா, எப்படிப் பாடுது பாருங்க!"

கையிலிருந்த வயர்ச் சுருளால் அவன் தோளில் ஒன்று போட்டுவிட்டுத்தான் குமிழை ஏழுக்குக் கொண்டுவந்தேன். நாதஸ்வரக்காரர் பிறகு என்னிடம் வந்து, "என்னம்மா, சீவாளிதான் ஒடஞ்சிருச்சோன்னு நெனச்சிட்டேன்," என்றார். எனக்கு மானமே போய்விட்டது. அவனோ சாமியைக்கூடக் கும்பிடாமல் பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வால்வையே பார்த்துக்கொண்டிருந்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன், மாதா கோவிலுக்குப் போகிறவன், சிநேகிதனோடு திருவிழா பார்க்க வந்தவன் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

அடுத்த வாரமே கித்தாரோடு என் வீட்டு வாசலில் நின்றான். வெள்ளைக்காரன் ரிக்கார்டில் கித்தார் அழுகிறது, உறுமுகிறது, ஒரு சுரத்தைப் பிடித்தால் விடாமல் நிற்கிறது. தன்னிடம் மட்டும் தட்டையாக வருகிறது என்று புலம்பினான். காலடியில் வைத்து மிதிக்கிற ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தான். அதை மிதித்ததும் ஈக்கூட்டம் பறப்பது போல ஒரு சத்தம்.

"இதுவா ஒன் கிழிசல்? இது கிழிசல் இல்லடா, மீன் பாசார்ல ஈ மொய்க்கிற சத்தம்," என்றேன்.

"அதனாலதான்க்கா ஒங்ககிட்ட வந்தேன். எப்படிக்கா பண்றது?"

இங்கே நான் என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் போன பிறகு எல்லாரும் என்னிடம், "எப்ப வருவீங்க, எத்தன ஹார்ன் கட்டுவீங்க?" என்றுதான் கேட்டார்கள். "எப்படி?" என்று கேட்டவன் இவன் ஒருவன்தான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஏமாந்தேன்.

நான்கு வாரம் என் வீட்டு முன்கூடத்தில் ஆராய்ச்சி நடந்தது. முதலில் ஹார்னில் போட்டான்; தகர டப்பாவில் குளவி மாட்டியது போல இருந்தது. ஹார்ன் பேச்சுக்கு, கித்தாருக்கு ஆகாது என்று சொல்லி, பழைய சினிமாக் கொட்டகையிலிருந்து வாங்கிப் போட்டிருந்த பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் நான்கை ஒரு பலகைப் பெட்டியில் பொருத்தினேன். பின்பக்கம் திறந்திருந்தபோது சத்தம் சிதறியது. பலகை அடித்து மூடினேன். நெஞ்சில் இடிக்க ஆரம்பித்தது. மிதிக்கிற பெட்டியைத் தூக்கி எறியச் சொன்னேன். கித்தார் வயரை நேராக ஆம்ப்ளிபயரில் மைக் சொருகும் வாயில் சொருகச் சொன்னேன். ரிக்கார்டு வாயில் போட்டால் அந்தப் பலம் வராது. மைக் வாய் இரண்டு இருந்தது. ஒரே கித்தார் இரண்டுக்கும் போவதுபோல ஒரு கவை வயர் பற்றவைத்துக் கொடுத்தேன். ஒன்று கனமாகவும் ஒன்று கூர்மையாகவும் பாடியது.

ஆனாலும் அவன் ஊரிலுள்ள மற்ற கித்தார்க்காரர்களைப் போலத்தான். கனத்த அடிக்குரலையும் கீச்சிடும் நுனிக்குரலையும் முழுக்கத் திருகி வைத்துக்கொண்டு, "பவர் வேணும்க்கா," என்பான்.

"தனியா வாசிக்கும்போது நல்லாத்தான்டா இருக்கும். தவில்காரன் கையை வெச்சான்னா ஒன் அடி காணாமப் போயிரும். ஜால்ரா வந்துச்சுன்னா நுனி காணாமப் போயிரும். மிச்சம் என்ன இருக்கும்?"

"எங்ககிட்ட தவில் இல்லக்கா, டிரம்ஸு."

"தோலுதானேடா ரெண்டும்?"

அடியையும் நுனியையும் குறைத்தேன். நடுக்குரலுக்கு எங்கள் பெட்டியில் தனிக் குமிழ் கிடையாது; மற்ற இரண்டும் இறங்கினால் அது தானாக எழும்பும். நாதஸ்வரம் தவிலுக்கு நடுவில் எங்கே நிற்குமோ, அங்கே வந்து நின்றது கித்தார். அவன் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தான். பிறகு என்னைக் கேட்காமலே குமிழைச் சிவப்புக் கோட்டைத் தாண்டித் திருகினான். ஏழு. எட்டு. ஒன்பது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒன்பதில் நிறுத்திவிட்டு, பையிலிருந்து ஆணியை எடுத்து அங்கே ஒரு கோடு கீறினான். என் பெட்டியில்! "ஏழுக்கு மேலதான் உசிரு இருக்குக்கா," என்றான். நீங்கள் எல்லாரும் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தீர்களே, அந்த வாசகம் என் வீட்டு முன்கூடத்தில், என் பொருளைக் கீறிவிட்டுச் சொன்னது.

சனிக்கிழமைகளில் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போவான். ஞாயிறு காலை கொண்டுவந்து இறக்குவான். அதுதான் எங்கள் ஏற்பாடு. ஒரே ஒரு முறை நானும் போய்க் கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன், கையில் முடி நட்டுக்கொண்டது. மெதுவான இடத்தில் கித்தாரில் இருக்கிற குமிழை ஒரு விரலால் குறைப்பான். சத்தம் குழந்தையைப் போலச் சுத்தமாகிவிடும். திருப்பி ஏற்றுவான், சிங்கம் எழும்பும். அது நான் சொல்லிக் கொடுத்தது அல்ல. அது அவன் விரல். இந்த மலரில் அவனைப் பற்றி நான் எழுதுகிற நல்ல வார்த்தை இது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டி வந்து இறங்கியபோது அதன் நெற்றியில் ஒரு தகடு இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றின் பெயர், வெள்ளை எழுத்தில். அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தக் கம்பெனி ஒரு தப்பும் பண்ணவில்லை. நான்கு திருகாணி போட்டு, சரியாக என் வீட்டுக்காரர் வைத்த பொட்டின்மேல் அதை அடித்திருந்தான்.

"டேய், வேற எடமே கெடைக்கலயா ஒனக்கு?"

"பொட்டோட கொண்டுபோயி பீர் கடையில வெச்சு வாசிக்கச் சொல்றீங்களா அக்கா? கோவில் ஆளு எவனாச்சும் பாத்தா, என்னையா கேப்பான்? ஒங்களத்தான் கேப்பான்."

அதுவும் உண்மைதான். அம்மனுக்குப் பாடுகிற பெட்டி பீரும் மாட்டிறைச்சியும் இருக்கிற இடத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் எந்தக் கோவிலும் என்னைக் கூப்பிடாது. அதனால் நானும் அன்றிலிருந்து கோவிலில் அந்தத் தகட்டின்மேல் மஞ்சள் துணி போட்டு மூடினேன். அம்மன் சந்நிதியில், மஞ்சள் துணிக்கு அடியில், வெள்ளைக்காரன் பெயர். அவன் பொய்க்கு நானும் ஒரு முடிச்சுப் போட்டேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பண்டமாரானில் தீமிதி. அதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை மத்தியானம் அவனுக்குக் கோலாலம்பூர் மண்டபம் ஒன்றில் கச்சேரி. நான் அவனிடம் நூறு தடவை சொல்லியிருந்தேன்: ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்ப்ளிபயரை ஓட்டாதே. சத்தம் வெளியே போக வழியில்லாவிட்டால் உள்ளேயே சுற்றி டிரான்ஸ்பார்மரை எரித்துவிடும். அவன் தலையாட்டுவான். ஆனால் வால்வு நன்றாகச் சுட்டால்தான் இனிமையாகக் கிழியும் என்று அவனுக்கு ஒரு மூடநம்பிக்கை. மண்டபத்தில் ஸ்பீக்கர்ப் பெட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போன நேரத்தில், கீழே ஆம்ப்ளிபயரை மட்டும் கரண்டில் போட்டிருக்கிறான், சுட வைப்பதற்கு. சும்மா இருக்கவும் முடியவில்லை. குமிழ் ஒன்பதில் இருக்க, கித்தாரைச் சொருகிச் சுருதி சேர்த்திருக்கிறான். புகை வந்த பிறகுதான் நிறுத்தினானாம்.

மறுநாள் தீமிதிக்கு நான் புதிதாக வாங்கியிருந்த டிரான்சிஸ்டர் செட்டைக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. கூட்டம் பெருகப் பெருக, "சத்தம் பத்தல, ஏத்துங்க, ஏத்துங்க" என்று கோவில் தலைவர் நெருக்கினார். ஏற்றினேன். வால்வு கிழிந்தால் தொண்டை கட்டியவன் உரக்கப் பாடுவது போலவாவது இருக்கும். டிரான்சிஸ்டர் கிழிந்தால் தகரத்தைச் சிமெண்டில் இழுப்பது போல இருக்கும். பூக்குழி இறங்குகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கைக்குழந்தைகள் அலறின. தலைவர் அத்தனை பேர் முன்னால் வந்து நின்றார்.

"கிழியாத செட்டுன்னு பேரு! என்னம்மா இது? ஒங்க வீட்டுக்காரரு இருந்தா இப்படி நடக்குமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நிமிர்ந்தபோது, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் பெலிக்ஸ் நின்றான். என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தவன்தான். அவனுக்கு எல்லாம் கேட்டது. "என்னால்தான் எரிந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையில் தொன்னையில் பொங்கல் வைத்திருந்தான். அதைத் தின்றுகொண்டிருந்தான்.

அந்தக் கோவில் அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருஷமும் கூப்பிடவில்லை.

தீமிதிக்கு மறுநாள் அவன் என் வீட்டுக்கு வந்து அழுதான். அழத் தெரிந்தவன். "நான் சரி பண்ணிக் கொண்டாரேன்க்கா. ஆனா இது ஒங்க கோவில் பெட்டின்னு மட்டும் நான் இருக்கிற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க. எனக்கும் பேரு போயிரும், ஒங்களுக்கும் பேரு போயிரும்," என்றான். சரி என்றேன். கோலாலம்பூரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த ஒரு சீனத் தவ்க்கே, அதாவது முதலாளி, டிரான்ஸ்பார்மரை மறுபடி சுற்றிக் கொடுத்தார். பெட்டி பிழைத்தது. ஆனால் கிள்ளானுக்கு மட்டும் திரும்பவில்லை. போன் பண்ணினால், "இந்த வாரம் ஒரு ஷோ இருக்குக்கா, அடுத்த வாரம்," என்பான். அந்த அடுத்த வாரம் பதினெட்டு வருஷம் வரவில்லை. சண்டை போட்டு வாங்க வேண்டுமென்றால் என் பெட்டி அங்கே எப்படிப் போனது என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம் நான் விழுங்கிவிட்டேன். விழுங்க முடியாதது ஒன்று இருக்கிறது.

ரேடியோவில் பேட்டி கொடுத்தானே, ஞாபகம் இருக்கிறதா? லண்டனிலிருந்து வந்த ஆம்ப் என்றான். எல்லாக் குமிழையும் பத்தில் வைப்பேன் என்றான். அதை நம்பி இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை பிள்ளைகள் அந்தக் கம்பெனி ஆம்பைத் தேடி அலைந்தார்கள்! வாங்கி வந்து எல்லாவற்றையும் பத்தில் வைத்து, அடியும் நுனியும் மட்டும் அலற, நடுவைக் காணாமல் தவித்தார்கள். அவர்களில் ஒருத்தி என் பேத்தி மாலினி. யுனிவர்சிட்டியில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறாள். எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆள். கித்தாரும் வாசிக்கிறாள், பையன்களுக்குச் சளைக்காமல். அவள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் அவனை நேரிலேயே கேட்டிருக்கிறாள்.

"அங்கிள், நான் கிள்ளான் செட்டு அக்கா பேத்தி. நீங்க சொன்ன மாதிரிதான் எல்லாம் வெச்சிருக்கேன். அந்த சவுண்டு மட்டும் வரல."

அவளை ஏற இறங்கப் பார்த்தானாம். பிறகு, "பாட்டி சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, "ஆம்ப் சரியா இருந்தும் வரலன்னா, கையிலதாம்மா கோளாறு," என்றானாம்.

யாருடைய பேத்தி என்று தெரிந்துதான் சொன்னான். ஆறு மாசம் அவள் விரல் நுனி வெடிக்க வெடிக்க வாசித்தாள். ஒருநாள் கித்தாரைக் கீழே வைத்துவிட்டு, "என் கை சரியில்லையா பாட்டி?" என்று கேட்டாள். நான் வாய்க்குள் உண்மையை வைத்துக்கொண்டு, "கை நல்லாத்தான்டி இருக்கு," என்று மட்டும் சொன்னேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். உண்மையில் அது பயம். மீதமிருக்கிற கோவில்களும் போய்விடுமே என்ற பயம். அதற்காக நான் அவனை மட்டும் அல்ல, என்னையும்தான் திட்டிக்கொள்கிறேன்.

ஆகவே, அவனை நம்பி ஏமாந்த பிள்ளைகளே, இது உங்களுக்கு. உங்கள் கையில் கோளாறு இல்லை. அது லண்டன் ஆம்ப் இல்லை. பண்டமாரானில் அம்மனுக்குப் பாடிய கோவில் செட்டு. மிதிக்கிற பெட்டியை ஓரமாக வையுங்கள். அடியையும் நுனியையும் இறக்கி, நடுவை நிற்க விடுங்கள். கிழிசலைப் பெட்டியின் வால்யூமில் தேடுங்கள்; பத்து வேண்டாம், ஒன்பதே அதிகம். மெதுவாக வேண்டும்போது கித்தார்க் குமிழைக் குறையுங்கள். சிங்கத்தை ஸ்பீக்கர் மாட்டாமல் ஒருபோதும் எழுப்பாதீர்கள். இதைக் கேட்டுவிட்டு எந்தக் கோவிலாவது என்னைக் கூப்பிடாமல் போனால் போகட்டும். எனக்கு அறுபது வயதாகிவிட்டது.

அடக்கம் முடிந்த பிறகு அவன் மனைவி ரீத்தா ஒரு லோரியில் பெட்டியை அனுப்பிவைத்தாள். "இது ஒங்களுதுன்னு எனக்கு மொதல்லேர்ந்து தெரியும் அக்கா," என்று போனில் சொன்னாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்கள் எத்தனை பேர் பேசாமல் இருந்திருக்கிறோம், பாருங்கள்.

மாலினிதான் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினாள். பெட்டி முழுக்கப் பெயிண்ட் உரிந்து, பீர்க் கறை படிந்து, அடையாளமே தெரியாமல் இருந்தது. தகடு இருந்த இடம் மட்டும் அன்று பார்த்தது போலவே. நடுவில் காய்ந்த சந்தனமும், அதன்மேல் என் வீட்டுக்காரர் விரலின் ரேகையோடு குங்குமமும். பதினெட்டு வருஷம் வெளியில் இருந்திருந்தால் என்றோ அழிந்திருக்கும். அவன் மறைத்தானா, காத்தானா? கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்டாலும் உண்மை வராது. அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

மாலினி கவை வயரைச் சொருகினாள். ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, குமிழை ஏழுக்குக் கொண்டுவந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. திருகினாள். சத்தம் வந்தது. அதே சத்தம், ஆனால் வாசித்தது அவன் விரல் அல்ல. அவள் தன் கையையே ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

ஒன்பதில் அவன் ஆணியால் கீறிய கோடு என்னிடம் இருக்கட்டும். அதை நான் பெயிண்ட் அடித்து மூடவில்லை. தகட்டை மட்டும், நான்கு திருகாணிகளோடு ஒரு காகிதத்தில் மடித்து, ரீத்தாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். அது அவனுடையது.